மூளையை ஆராயும் கூடத்தில் ஒரு வேலை

(எஸ்.பி.எம். முடித்த மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமாக புக்கிட் ரம்பாயில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரை. பேச்சு நடை மாறாமல் தருகிறோம்.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் மருத்துவம், பொறியியல், சட்டம் என்று நமக்கு நன்கு பழக்கமான துறைகளைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கிடைத்த தலைப்பு கொஞ்சம் வித்தியாசமானது: நரம்பியல் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். பெயரைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு கேள்விக்குறி தெரிகிறது. "இப்படி ஒரு வேலை இருக்கிறதா?" என்று நினைக்கிறீர்கள். இருக்கிறது. மூளை, நரம்பு ஆகியவற்றிலிருந்து எடுத்த மாதிரிகளைப் பக்குவப்படுத்துவது, கருவிகளை இயக்குவது, வந்த முடிவைப் பிசகில்லாமல் பதிவு செய்வது, இதுதான் அவருடைய வேலை. அவர் மருத்துவர் அல்ல. அவருடைய அடையாள அட்டையில் விஞ்ஞானி என்றும் எழுதியிருக்காது. ஆனால் அவர் கை படாத மூளை ஆராய்ச்சி உலகில் எங்கும் கிடையாது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை அறிவியல் பிரிவில் இருந்தால் "டாக்டருக்குத்தான்" என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறோம். தேர்வு முடிவு வருகிறது. இடம் கிடைக்கவில்லை. அன்றோடு அந்தப் பிள்ளை தோற்றுப்போன பிள்ளை ஆகிவிடுகிறது. "வேறு ஏதாவது செய்யட்டும்" என்கிறோம். இந்த வட்டாரத்தில் அந்த 'வேறு ஏதாவது' பெரும்பாலும் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வேலைதான். தொழிற்சாலை வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. உயிரியலில் ஆர்வமும், நிதானமான கையும், கூர்மையான கண்ணும் உள்ள ஒரு பிள்ளை, தனக்கு ஏற்ற தொழில் ஒன்று இருப்பதே தெரியாமல் அங்கே போய் நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இந்த உரையில் இரண்டு விஷயங்களைச் சொல்லப் போகிறேன். ஒன்று, இது டாக்டர் படிப்பு கிடைக்காதவர்களுக்கு மிச்சம் வைத்த வேலை அல்ல. தனித் திறமை கேட்கும் தொழில். இரண்டு, கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் தொழிலும் அல்ல. இதில் ஏணியும் உண்டு, பள்ளமும் உண்டு. இரண்டையும் காட்டுவது என் கடமை.

சீவத் தெரிந்த கை

இங்கே வந்திருக்கும் பெரியவர்களில் பலர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள். உங்களுக்கு இந்த வேலையை விளக்குவது எனக்குச் சுலபம். மரத்தைச் சீவும்போது என்ன செய்தீர்கள்? பட்டையை மெல்லிய சீவலாக எடுத்தீர்கள். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. ஒரு மில்லிமீட்டர் அளவைக் கண்ணால் பார்க்காமலே கை அறிந்து வைத்திருந்தது. விடியற்காலை இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் அந்த வேலையைச் செய்தீர்கள்.

ஆய்வுக்கூடத்திலும் அதே வேலைதான் நடக்கிறது. ஆனால் அளவு வேறு. மூளையின் செல்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால், ஒளி ஊடுருவும் அளவுக்கு அதை மெல்லியதாகச் சீவ வேண்டும். சாதாரணமாக ஒரு சீவலின் தடிமன் ஐந்து மைக்ரானிலிருந்து ஐம்பது மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லிய சீவல்கள் இவை. இதற்கான கருவிக்கு மைக்ரோடோம் என்று பெயர்.

ஆனால் மூளையை அப்படியே எடுத்துச் சீவ முடியாது. புதிதாக எடுத்த மூளை தவ்ஹூ போல மென்மையாக இருக்கும். கத்தி பட்டால் குழைந்துவிடும். அதனால் முதலில் பார்மலினில் ஊற வைத்து இறுக்குகிறார்கள். முழு மூளை என்றால் இதற்கே ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். பாலில் பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்தீர்களே, அந்தப் பார்மிக் அமிலமும் இந்தப் பார்மலினும் வேதியியலில் நெருங்கிய சொந்தம். பிறகு படிப்படியாகச் செறிவு கூட்டிய ஆல்கஹாலில் முக்கி நீரை வெளியேற்றி, சைலீனில் போட்டெடுத்து, உருக்கிய பாரபின் மெழுகில் பதிக்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டியைத்தான் மைக்ரோடோமில் பொருத்திச் சீவுகிறார்கள். சீவல் வெதுவெதுப்பான நீரில் மிதக்கும். சுருக்கம் விழாமல் அதைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு இந்த ஒரு காரியம் கைவரவே வாரக்கணக்கில் ஆகும்.

சீவினால் மட்டும் போதாது. சாயம் ஏற்றாத சீவலில் எதுவும் தெளிவாகத் தெரியாது. 1873-ஆம் ஆண்டு இத்தாலியில் கமிலோ கோல்ஜி என்ற மருத்துவர், நாட்பட்ட நோயாளிகளுக்கான ஒரு விடுதியில், சமையலறை ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு வேலை செய்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் நரம்புத் திசுவை ஊற வைத்தபோது, ஒரு சில நரம்புச் செல்கள் மட்டும் வேரும் கிளையுமாகக் கருப்பாகத் தெரிந்தன. மனிதன் நரம்புச் செல்லின் முழு உருவத்தைக் கண்டது அப்போதுதான். அந்தச் சாயத்தை மேம்படுத்தி மூளையின் அமைப்பை வரைந்து காட்டியவர் ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால். 1906-இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. நரம்பியல் என்ற பெரிய துறையின் அடித்தளத்தில் இருப்பது பொறுமையாகச் சாயம் போடும் ஒரு கைவேலை என்பதை நினைவில் வையுங்கள்.

ஐன்ஸ்டீன் மூளையைச் சீவியவர் யார்?

ஐன்ஸ்டீன் 1955 ஏப்ரல் 18-ஆம் தேதி அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தாமஸ் ஹார்வி அவருடைய மூளையை எடுத்து வைத்துக்கொண்டார். குடும்பத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி பெறவில்லை. பிறகுதான் மகனிடம் இசைவு வாங்கினார். இந்தக் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்த மூளையைச் சீவியது யார் என்று கேட்டிருக்கிறீர்களா?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த மார்த்தா கெல்லர் என்ற தொழில்நுட்பர்தான் அவர். மூளை ஏறத்தாழ 240 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றைச் செலாய்டின் என்ற பொருளில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டும் வேலை சுமார் எட்டு மாதம் நடந்தது. அதன் பிறகு ஐன்ஸ்டீன் மூளையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. முடிவுகளைப் பற்றி நிபுணர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தத் தகடுகளின் தரம் மட்டும் பேசப்படாமலே நிலைத்து நிற்கிறது. ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த எட்டு மாதத்தில் ஒரு துண்டு கெட்டிருந்தால், உலகத்தில் அதற்கு மாற்று கிடையாது.

இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, கைத்திறனின் மதிப்பு. மற்றொன்று, அனுமதியின் மதிப்பு. இன்று ஒரு மனித மூளை ஆய்வுக்கூடத்துக்குள் வரவேண்டுமானால் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும், நெறிக் குழுவின் அங்கீகாரம் வேண்டும். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மூளை வங்கி ஒன்று இயங்குகிறது. டாக்டர் எஸ்.கே. சங்கர் முன்னின்று உருவாக்கிய அந்த வங்கி, குடும்பத்தார் தானமாகத் தரும் மூளைகளைச் சேமித்து ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறது. அங்கே வேலை செய்பவர் கையாளுவது வெறும் திசு அல்ல. ஒரு குடும்பம் நம்பிக்கையோடு ஒப்படைத்த பொருள்.

சென்னையில் 5,132 சீவல்கள்

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கதை, பழைய கதை என்று நினைக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-ஆம் ஆண்டு சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையிலான குழு, 2024 டிசம்பரில் 'தரணி' என்ற மூளை வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. தாயின் வயிற்றில் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான வளர்ச்சியில் இருந்த ஐந்து சிசுக்களின் மூளைகளைச் சீவி, ஒவ்வொரு செல்லும் தெரியும் அளவுக்குப் படம் பிடித்திருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். உலகில் எந்த ஆராய்ச்சியாளரும் இலவசமாகப் பார்க்கும்படி அதைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

அந்த 5,132 சீவல்களில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையைக் கடந்துதான் கணினிக்குப் போயிருக்க வேண்டும். கருவி எவ்வளவு நவீனமாக இருந்தாலும், உறைய வைப்பது, பொருத்துவது, கத்தியின் கூர்மையைக் கவனிப்பது, கிழிந்த சீவலைக் கண்டுபிடித்துக் குறித்து வைப்பது ஆகியவை மனித வேலை. இயந்திரம் வந்துவிட்டால் தொழில்நுட்பர் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நடப்பது வேறு. இயந்திரம் வந்தால் சீவல்களின் எண்ணிக்கை நூறிலிருந்து ஆயிரமாகிறது. அவற்றின் தரத்துக்குப் பொறுப்பேற்கத் தேர்ந்த ஆள் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார்.

நம் நாட்டில், நம் பக்கத்தில்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மூளை என்றாலே ஆராய்ச்சிதான் என்று எண்ணிவிடாதீர்கள். சாதாரண மாவட்ட மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலும் மூளை சம்பந்தப்பட்ட வேலை உண்டு. காய்ச்சலோடு கழுத்து விறைத்து, நினைவு தடுமாறி ஒரு குழந்தையைக் கொண்டு வருகிறார்கள். மருத்துவர் இடுப்புப் பகுதியில் ஊசி போட்டு முதுகுத்தண்டு நீரைச் சில சொட்டுகள் எடுக்கிறார். அது மூளையைச் சுற்றி ஓடும் நீர். ஆரோக்கியமானவருக்குத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அந்தச் சின்னக் குப்பி ஆய்வுக்கூடத்துக்கு ஓடி வருகிறது. தாமதித்தால் செல்கள் சிதைந்துவிடும் என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிவிடப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் ஐந்து வெள்ளை அணுக்கள் வரை இருக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஆபத்து. சர்க்கரை குறைந்திருக்கிறதா, புரதம் கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிருமி வளர்த்துப் பார்க்கும் பங்கைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. சில கிருமிகள் குளிரில் செத்துப்போய், நோயே இல்லை என்பது போல் காட்டிவிடும். இதையெல்லாம் இரவு இரண்டு மணிக்கு, தனியாக நின்று செய்பவர்தான் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். அவர் தொலைபேசியில் சொல்லும் எண்ணை வைத்துத்தான் மருத்துவர் மருந்தை முடிவு செய்கிறார்.

இந்த நீர் நம் நாட்டின் சரித்திரத்தையே மாற்றியிருக்கிறது. 1998 செப்டம்பரில் பேராக்கில் தொடங்கி, பிறகு நமக்கு அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளில் மூளைக் காய்ச்சல் பரவியது. முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணி, புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் கண்டவர்கள் பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து இதுவரை யாரும் கண்டிராத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிதாகி நின்றதுதான் அவருக்குக் கிடைத்த முதல் தடயம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அது உறுதியானது. நிப்பா என்று அந்தக் கிராமத்தின் பெயரே வைரஸுக்கும் நிலைத்துவிட்டது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள், 105 பேர் இறந்தார்கள். நம் இந்தியத் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

ஒரு வைரஸ் வளர்ந்து தன்னைக் காட்டிக்கொள்ள உயிருள்ள செல்கள் தயாராக இருக்க வேண்டும். அந்தச் செல்களுக்கு வேளாவேளைக்கு ஊட்டச் சத்து மாற்றி, வேறு கிருமி தொற்றாமல் வாரக்கணக்கில் காப்பாற்றும் வேலை எந்த ஆய்வுக்கூடத்திலும் ஓய்வில்லாத வேலை. பெரிய கண்டுபிடிப்பு ஒரு நாளில் வரலாம். அந்த நாளுக்காகக் கூடத்தைத் தயாராக வைத்திருப்பது ஆண்டு முழுவதும் நடக்கிறது.

இன்னொரு கிளையும் உண்டு: மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனிதனிடம் அதைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். இன்று தையல்காரர் போல அளவு நாடாவை வைத்து, மூக்கின் மேற்புறத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை அளந்து, பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று கணக்கிட்டு, தலையில் மின்முனைகளை ஒட்டுகிறார்கள். ஒரு மின்முனை இடம் மாறினாலும் வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்ற கணக்கு மாறிவிடும். பயந்து அழும் குழந்தையை அமைதிப்படுத்தத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு தகுதி.

படிக்கட்டு எங்கே தொடங்குகிறது?

மாணவர்களே, இப்போது கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி எஸ்.பி.எம். மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கு மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் முக்கியம். ஆங்கிலமும் கைகொடுக்க வேண்டும். 2013 முதல் மலாய் மொழி, வரலாறு இரண்டிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. நம் பிள்ளைகள் பலர் உயிரியலில் நல்ல புள்ளி எடுத்தும் மலாயில் கிரெடிட் இல்லாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். பெற்றோர்கள் டியூஷனுக்குப் பணம் ஒதுக்கும்போது இதை மறக்கக் கூடாது.

இரண்டாவது படி டிப்ளோமா. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலும், சில பல்கலைக்கழகங்களிலும், தனியார் கல்லூரிகளிலும் மூன்றாண்டுப் படிப்பாக இருக்கிறது. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழியாகப் போகிறவர்கள் யு.கே.எம்., யு.எஸ்.எம். போன்ற பல்கலைக்கழகங்களில் உயிர்மருத்துவ அறிவியல் பட்டப் படிப்பில் சேரலாம். டிப்ளோமா முடித்து வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு.

மூன்றாவது படி பதிவு. 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம், அதாவது 774-ஆம் சட்டம், 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் மன்றத்தில் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும். ஆகவே கல்லூரியின் விளம்பரப் பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் படிப்புக்கு எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் உண்டா, அதை வைத்து மன்றத்தில் பதிவு செய்ய முடியுமா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பி.டி.பி.டி.என். கடன் வாங்கிப் படித்துவிட்டுப் பதிவு கிடைக்காமல் திண்டாடுவது எவ்வளவு பெரிய வேதனை!

அரசாங்க மருத்துவமனையில் டிப்ளோமா தகுதிக்கான படியை யு29 என்று சொல்லி வந்தோம். பொதுப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் எஸ்.பி.எம். தகுதிக்கு சி19, டிப்ளோமாவுக்கு சி29, பட்டத்துக்கு சி41 என்று மூன்று படிகள் இருந்தன. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய பொதுச்சேவை ஊதிய முறையில் இந்த எண்கள் மாறிவிட்டன. விண்ணப்பிக்கும்போது புதிய எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண் மாறினாலும் உண்மை மாறவில்லை: கீழ்ப் படியில் நுழைந்தவர் தகுதியைக் கூட்டிக்கொள்ளாமல் மேல் படிக்குப் போவது கடினம்.

இரண்டு பாதைகள், இரண்டு விதமான கவலைகள்

இத்தொழிலில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று மருத்துவமனைப் பாதை. பதிவு, படிநிலை, விடுமுறை, ஓய்வுக்காலப் பாதுகாப்பு என்று ஓர் ஒழுங்கு உண்டு. இரவு வேலை, பண்டிகை நாள் வேலையும் உண்டு. மூளையை மட்டும் பார்க்க முடியாது. இரத்தம், சிறுநீர், சளி எல்லாம் உங்கள் மேசைக்கு வரும்.

மற்றொன்று ஆராய்ச்சிப் பாதை. கிளந்தானில் குபாங் கெரியானில் உள்ள யு.எஸ்.எம். வளாகத்தில் நரம்பியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. வேறு சில பல்கலைக்கழகங்களிலும் மூளை ஆய்வு நடக்கிறது. அங்கே வேலை சுவையானது, புதியது. ஆனால் பல பதவிகள் ஆய்வு மானியத்தோடு கட்டப்பட்டவை. மானியம் இரண்டு மூன்று ஆண்டுகள். அது தீர்ந்தால் ஒப்பந்தமும் தீர்ந்தது. பேராசிரியருக்கு நிரந்தர நாற்காலி இருக்கும். மைக்ரோடோம் முன்னால் இருக்கும் நாற்காலிக்குத்தான் காலாவதித் தேதி. திறமைசாலிகள் பலர் திருமணம், வீட்டுக் கடன் என்று வரும்போது மருத்துவப் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு விற்பனையாளராகப் போய்விடுகிறார்கள். பத்தாண்டு பழகிய கை அப்படிப் போவது யாருக்கு நஷ்டம்? அந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான். புதிய ஆளுக்கு மறுபடி 'அ'விலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல. ஆராய்ச்சிப் பாதையில் போகிறவர் முதல் ஒப்பந்தத்திலேயே தன் மேல்படிப்பையும் திட்டமிட வேண்டும். தான் கற்ற முறைகளை ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தான் செய்த வேலை கட்டுரையாக வரும்போது தன் பெயர் எங்கே வரும் என்று தொடக்கத்திலேயே மரியாதையோடு கேட்க வேண்டும். கேட்பதில் தவறில்லை.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்று ஒருவர் இருந்தார். தச்சு வேலை தெரிந்த கறுப்பின இளைஞர். கல்லூரிக்குச் சேர்த்து வைத்த பணம் பொருளாதார மந்தத்தில் போயிற்று. ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். அவருடையது மூளை அல்ல, இதயம். நீலக் குழந்தைகள் எனப்படும் இதயக் கோளாறுக்கான அறுவை சிகிச்சையை விலங்குகளிடம் செய்து செய்து முறைப்படுத்தியவர் அவர். 1944-இல் முதல் குழந்தைக்கு டாக்டர் பிளேலாக் அறுவை செய்தபோது, அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று வழி சொன்னார். அதைப் பற்றிய முதல் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. 1976-இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! திறமை இருந்தால் பெயர் தானாக வந்துவிடும் என்று சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

உடம்பும் மனசும்

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. பார்மலினின் மூலப் பொருளான பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. சைலீன் வாசம் தலைவலி தரும். ஆகவே ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்துத்தான் இவற்றைக் கையாள வேண்டும். கையுறை, கண்ணாடி போடாமல் "எனக்குப் பழகிவிட்டது" என்று பெருமை பேசும் மூத்தவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

அடுத்து மனசு. ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைக் கையாள வேண்டி வரும். "உயிரைக் கொல்வது பாவம் அல்லவா?" என்று ஒரு தாயார் இடைவேளையில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று விதிகளை வகுத்தார்கள்: விலங்கு இல்லாமல் செய்ய முடிந்தால் அப்படியே செய், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. நெறிக் குழு அங்கீகாரம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் ஓர் எலியைத் தொடக் கூடாது. கை நடுங்காத தொழில்நுட்பர்தான் அந்த உயிரின் வேதனையைக் குறைக்க முடியும். அதுவும் ஒத்து வரவில்லை என்றால், மருத்துவமனைப் பாதையில் எலிகளே இல்லை. உங்கள் மனசாட்சிக்கு எது பொருந்துமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சமூகத்தில் முதியவர்கள் பெருகி வருகிறார்கள். பக்கவாதமும் மறதி நோயும் எந்த வீட்டையும் விட்டு வைப்பதில்லை. இவற்றுக்கு மருந்து காண வேண்டுமானால் மருத்துவர்கள் மட்டும் போதாது. ஒரு மருத்துவருக்குப் பின்னால் மாதிரியைப் பிசகில்லாமல் தயார் செய்யும் பல கைகள் வேண்டும். அந்தக் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் இருக்கட்டும்.

பிள்ளைக்கு என்ன வரும் என்று தேர்வுத் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்னச் சின்ன வேலையை முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிறதா? ஒரு பொருளுக்குப் பெயர் எழுதி ஒட்டி, எடுத்த இடத்தில் வைக்கிறதா? தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்கிறதா? இந்த மூன்று குணங்களும் ஆய்வுக்கூடத்தில் மூன்று கிரெடிட்டுக்குச் சமம். ஏனென்றால், பெயர் மாறிய ஒரு குப்பி, யாரோ ஒருவருக்குத் தவறான மருந்தாக முடியும்.

அந்தக் குணங்கள் இருக்கிற பிள்ளை மருத்துவக் கல்லூரிக் கடிதம் வரவில்லையே என்று மூலையில் உட்கார்ந்திருந்தால், இன்று வீட்டுக்குப் போய் இந்தத் தொழிலைப் பற்றி எடுத்துச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். உறவினர் வந்து "என்ன படிக்கிறான்?" என்று கேட்கும்போது, குரலைத் தாழ்த்தாமல் பதில் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பாதித் தெம்பு அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.